ஏணியாக நின்ற பத்திரிகை

ஒரு கடிகாரம் காணாமல் போய்விட்டது.

அது 1906-ம் ஆண்டு. இடம், அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகரம். கடிகாரத்தைப் பறிகொடுத்தவள் ஓர் ஏழைத்தாய்.

எடுத்தது யார்? அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி மீது சந்தேகம். தினமும் வீட்டுக்கு வந்து போகிறவள். அவளும் ஏழைதான்.

அந்தத் தாய் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள். அதில் வசவு இல்லை, சாபம் இல்லை. வறுமையால்தான் இப்படி நடந்திருக்கும் என்று அவள் எழுதினாள். கடிகாரத்தை அடகு வைத்திருந்தால் அடகுச் சீட்டைத் தபாலில் அனுப்பிவிட்டால் போதும், பழையபடியே சிநேகமாக இருக்கலாம் என்று கேட்டுக் கொண்டாள்.

பத்திரிகை ஆபீசில் அந்தக் கடிதத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. அது செய்தி அல்ல. கதை அல்ல. கட்டுரையும் அல்ல. இதுபோல மூன்று கடிதங்களை ஆசிரியரின் காரியதரிசி எடுத்து வந்தார். "இவை எந்தப் பகுதியிலும் சேராது" என்றார்.

ஆசிரியர் படித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "இவற்றுக்கு என்றே ஒரு பகுதி தொடங்குவோம்" என்று முடிவு செய்தார்.

1906-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி அந்தப் பகுதி தொடங்கியது. "கடிதக் கட்டு" என்று அதற்குப் பெயர். பல பத்தாண்டுகள் அது தொடர்ந்து வந்தது. அழுகையும் சிரிப்புமாக ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கதை அதில் வந்தது.

அந்த ஆசிரியர் பெயர் ஆபிரகாம் காஹன். பத்திரிகையின் பெயர் "பார்வர்டு". முன்னோக்கிச் செல் என்பது அதன் பொருள். அமெரிக்காவில் குடியேறிய யூத மக்களின் தினசரி அது.

ஒரு காலத்தில் 2 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற பத்திரிகை. 2019-ம் ஆண்டில் அது காகிதத்தில் அச்சிடுவதை நிறுத்திவிட்டது. இப்போது கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் மட்டுமே படிக்கலாம்.

ஏன் இந்த நிலை? பத்திரிகை தோற்றுவிட்டதா? அல்லது வந்த வேலையை முடித்துவிட்டதா? ஆசிரியரின் வாழ்க்கையைப் பார்த்தால் விடை தெரியும்.

ஊரை விட்டு ஓடியவர்

ஆபிரகாம் காஹன் 1860-ம் ஆண்டு பிறந்தார். வில்னா நகருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். இன்று அது லிதுவேனியா நாட்டில் இருக்கிறது. அன்று ரஷ்ய மன்னர் ஜாரின் ஆட்சியில் இருந்தது.

தகப்பனார் பிள்ளைகளுக்கு எபிரேய மொழி சொல்லிக் கொடுக்கும் வாத்தியார். மகனும் வாத்தியார் ஆனார். வில்னாவில் இருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்து, 1881-ம் ஆண்டு வெளியே வந்தார்.

அதே ஆண்டு மார்ச் மாதம் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் வெடிகுண்டு வீசிக் கொல்லப்பட்டார். நாடு முழுவதும் போலீஸ் கெடுபிடி. தென் பகுதிகளில் யூதர்களின் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன.

வாலிபர் காஹன் புரட்சிக்காரர்களுடன் பழகி வந்தவர். போலீசார் அவர் இருந்த இடத்தில் சோதனை போட்டார்கள். இனி இங்கே இருந்தால் சிறைதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நாட்டை விட்டு ஓடினார். 1882-ம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் கப்பலை விட்டு இறங்கினார். அப்போது வயது 21.

அவர் மட்டும் போகவில்லை. அந்தக் காலத்தில் தொடங்கி 1924-ம் ஆண்டு வரை கிழக்கு ஐரோப்பாவில் இருந்து சுமார் 20 லட்சம் யூதர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். பெரும்பாலோர் நியூயார்க்கில் இறங்கினார்கள். அந்நகரின் கிழக்குப் பகுதியில் ஒண்டுக்குடித்தனங்களில் நெருக்கியடித்துக் கொண்டு குடியேறினார்கள். ஆணும் பெண்ணும் தையல் வேலைக்குப் போனார்கள்.

காஹன் முதலில் சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஆங்கிலம் படிக்க வேண்டும் என்று ஆசை. வெட்கப்படவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய், சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்! கொஞ்ச நாளில் தாமே மற்றவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார்.

"யாருக்குப் புரியும்?"

அமெரிக்காவுக்கு வந்த சில வாரங்களில் ஒரு கூட்டத்துக்குப் போனார். தொழிலாளர்களுக்காக நடத்திய கூட்டம். பேசியவர்கள் ரஷ்ய மொழியில் பொழிந்து தள்ளினார்கள்.

காஹன் எழுந்து கேட்டார். "இது தொழிலாளர் கூட்டம்தானே? அவர்கள் பேசுவது இத்திஷ் மொழி. நீங்கள் ரஷ்ய மொழியில் பேசினால் யாருக்குப் புரியும்?"

கூட்டத்தை நடத்தியவர்கள் சிரித்தார்கள். இத்திஷ் மொழியில் யாராவது பிரசங்கம் செய்வார்களா என்று கேட்டார்கள். "அப்படியானால் நீயே பேசு" என்றார்கள். காஹன் பேசினார். அந்த ஆண்டு கோடைக்காலத்தில் நடந்தது இது. அமெரிக்காவில் இத்திஷ் மொழியில் நடந்த முதல் பொதுவுடைமைப் பிரசங்கம் அதுதான் என்று சொல்லுவார்கள்.

இத்திஷ் என்பது என்ன மொழி?

கிழக்கு ஐரோப்பாவின் யூதர்கள் வீட்டில் பேசிய மொழி அது. சொற்களில் பெரும்பகுதி ஜெர்மன் மொழியைச் சேர்ந்தவை. எழுதுவது எபிரேய எழுத்தில், வலமிருந்து இடமாக. வேத மொழி எபிரேயம். படித்தவர் மொழி ரஷ்யமும் ஜெர்மனும். இத்திஷ் என்றால் சமையற்கட்டு மொழி, சந்தை மொழி என்று படித்தவர்களுக்கு இளக்காரம்.

ஆனால் தாய் தாலாட்டுப் பாடியது அந்த மொழியில்தான். கடையில் பேரம் பேசியதும் அதில்தான். எபிரேயம் தெரியாத பெண்கள் கதையும் பிரார்த்தனையும் படித்ததும் அதில்தான்.

ஏழைக்குச் சொல்ல வேண்டியதை ஏழையின் மொழியில் சொல்ல வேண்டும். இந்த எண்ணம்தான் காஹனைக் கடைசிவரை வழிநடத்தியது.

போலீஸ் செய்தி கற்றுக் கொடுத்த பாடம்

1897-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி "பார்வர்டு" பிறந்தது. அதைத் தொடங்கியவர்களில் காஹனும் ஒருவர். அவரே முதல் ஆசிரியர். ஆனால் சில மாதங்களில் சண்டை வந்துவிட்டது. கட்சிப் பிரசாரம் மட்டும் போதும் என்றார்கள் கூட்டாளிகள். பத்திரிகை என்றால் எல்லாருக்கும் எல்லாமும் இருக்க வேண்டும் என்றார் காஹன். ஒத்துவரவில்லை. அவர் வெளியேறினார்.

அடுத்த சில ஆண்டுகள் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் நிருபராக வேலை பார்த்தார். லிங்கன் ஸ்டெபன்ஸ் என்ற பெயர்பெற்ற பத்திரிகையாளர் அங்கே அவருக்கு மேலதிகாரி. காஹனுக்குக் கிடைத்தது போலீஸ் நிலையச் செய்தி. திருட்டு, கொலை, குடும்பச் சண்டை, வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர் கதை எல்லாம் தினமும் அவர் காதில் விழுந்தது.

அங்கே அவர் ஒன்றைத் தெரிந்து கொண்டார். மனிதன் கொள்கையை மட்டும் தின்று உயிர் வாழ்வதில்லை. அவனுக்கு வீடு இருக்கிறது. மனைவி இருக்கிறாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது. வீட்டுக்காரர் வாடகை கேட்டுக் கதவைத் தட்டுகிறார். இவை எல்லாம்தான் அவனுடைய செய்தி.

1903-ம் ஆண்டில் காஹன் "பார்வர்டு" பத்திரிகைக்கே திரும்பினார். ஆசிரியர் பகுதியில் தாம் வைத்ததே சட்டம் என்ற நிபந்தனையுடன் வந்தார். அதன் பிறகு சுமார் 40 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார்.

கைக்குட்டையும் பந்தாட்டமும்

திரும்பி வந்ததும் முதலில் அவர் மாற்றியது எழுத்து நடையை.

அப்போதைய இத்திஷ் பத்திரிகைகளில் கனமான ஜெர்மன் சொற்கள் நிறைந்திருக்கும். படித்தவர் என்று காட்டிக்கொள்ள அப்படி எழுதுவார்கள். காஹன் அவற்றைத் தூக்கி எறிந்தார். தையல்காரன் பேசுவது போல் எழுதுங்கள் என்றார். வாக்கியம் சின்னதாக இருக்க வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் புரிய வேண்டும்.

ஜனங்கள் பேச்சில் கலந்துவிட்ட ஆங்கிலச் சொற்களையும் அவர் ஒதுக்கவில்லை. மொழிப் பற்று மிகுந்தவர்களுக்குக் கோபம் வந்தது. மொழியைக் கெடுக்கிறார் என்று ஏசினார்கள். காஹன் அசையவில்லை.

பிறகு, என்ன எழுதுவது என்பதையும் மாற்றினார். ஒரு நாள் தலையங்கம் எதைப் பற்றி தெரியுமா? கைக்குட்டை! பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் சட்டைப் பையில் சுத்தமான கைக்குட்டை வைத்து அனுப்புங்கள் என்று தாய்மார்களுக்குச் சொன்னார்.

கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். உலகத்தைப் புரட்டப் புறப்பட்ட பத்திரிகை மூக்கு சிந்துவதைப் பற்றி எழுதுவதா என்றார்கள். ஆனால் தாய்மார்களுக்குப் புரிந்தது. தன் பிள்ளையை மற்றப் பிள்ளைகள் கேலி செய்யக்கூடாது என்று எந்தத் தாய்தான் நினைக்கமாட்டாள்?

1903-ம் ஆண்டில் ஒரு தகப்பனார் கடிதம் எழுதினார். அமெரிக்காவில் "பேஸ்பால்" என்று ஒரு பந்தாட்டம். பெரிய மனிதர்கள் பந்தின் பின்னால் பைத்தியம் போல் ஓடுகிறார்களே, இதில் என்ன பிரயோசனம் என்று கேட்டார். மகன் நல்லபடியாக வளர வேண்டும் என்பது அவர் கவலை.

காஹன் பதில் எழுதினார். பையன் விளையாடட்டும், படிப்பு கெடாமல் பார்த்துக் கொண்டால் போதும் என்றார். பிள்ளைகள் பிறந்த நாட்டிலேயே அந்நியர்களாக வளரக்கூடாது என்பது அவர் வாதம்.

1909-ம் ஆண்டில் அந்த விளையாட்டு மைதானத்தின் வரைபடத்தையே பத்திரிகையில் போட்டார்கள். யார் எங்கே நிற்பார், எப்படி ஓடுவார் என்று விளக்கினார்கள். மகன் எதைப் பற்றிப் பேசுகிறான் என்பது தகப்பனுக்கும் தெரிய வேண்டும் அல்லவா?

ஓடிப்போன கணவர்களின் படங்கள்

"கடிதக் கட்டு" தொடங்கியதும் கடிதங்கள் குவிந்தன. எழுதத் தெரியாதவர்கள் தெரிந்தவர்களைக் கொண்டு எழுதினார்கள். பிழையும் குழப்பமுமாக வந்தவற்றை ஆபீசில் சீர்செய்து போட்டார்கள். ஆரம்பத்தில் காஹனே பதில் எழுதினார்.

மதப்பற்று உள்ள தகப்பன், கடவுள் இல்லை என்னும் மகன். இருவரும் ஒரே வீட்டில். தொழிற்சாலையில் மேஸ்திரி தவறாக நடக்கிறான். வேலையை விட்டால் சாப்பாடு இல்லை. ஓர் இளம்பெண்ணின் தவிப்பு. ஊரில் விட்டு வந்த தாய் தந்தையை நினைத்து உருகுகிறான் ஒரு வாலிபன்.

அடுத்த தெருவில் இருக்கிறவளுக்கும் இதே கஷ்டம்தான் என்று அறிந்தபோது ஒவ்வொருத்திக்கும் ஓர் ஆறுதல். ஒருவர் படிக்க, சுற்றி இருந்தவர்கள் கேட்டார்கள்.

பெரிய துயரம் ஒன்று அடிக்கடி வந்தது. கணவன் ஓடிப்போவது!

புது நாடு, வேலை இல்லை, கையில் காசு இல்லை, நாலு பிள்ளைகள். ஒரு நாள் காலையில் கணவன் வெளியே போவான். திரும்ப மாட்டான். வேறு ஊரில் வேறு பெயரில் இருப்பான். மனைவி என்ன செய்வாள்? யூத மதச் சட்டப்படி கணவன் விடுதலைப் பத்திரம் கொடுத்தால்தான் அவள் மறுமணம் செய்து கொள்ளலாம். அவனைக் காணாமல் பத்திரம் ஏது?

"பார்வர்டு" ஒரு காரியம் செய்தது. ஓடிப்போன கணவர்களின் போட்டோக்களைப் பத்திரிகையில் போட்டது. மானம் போய்விடுமே என்று பயந்து வீடு திரும்பியவர்களும் உண்டு. இந்த வேலைக்காகவே 1911-ம் ஆண்டில் யூதர்களின் உதவிச் சங்கங்கள் ஒரு தனி அலுவலகம் ஏற்படுத்தின. அதோடு சேர்ந்து பத்திரிகை இதை நடத்தியது.

பூட்டிய கதவு

தொழிற்சாலைகளில் இருந்த கொடுமையையும் காஹனின் பத்திரிகை விடவில்லை.

1909-ம் ஆண்டு நவம்பர் மாதம். நியூயார்க்கில் சட்டை தைக்கும் பெண்களின் கூட்டம். தலைவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். கிளாரா லெம்லிச் என்ற இளம்பெண் எழுந்தாள். பேசிப் பேசிச் சலித்துவிட்டது, வேலைநிறுத்தம் செய்வோம் என்றாள். அவள் பேசியது இத்திஷ் மொழியில்! சுமார் 20 ஆயிரம் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். "பார்வர்டு" அவர்கள் பக்கம் நின்றது.

1911-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி "டிரையாங்கிள்" சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. பெண்கள் வெளியேற முடியவில்லை. ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். 146 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள், யூதர்கள், இத்தாலியர்கள்.

இறந்தவர்களின் உற்றார் உறவினர் படித்த பத்திரிகை "பார்வர்டு". அது வேறு யாருக்கோ நடந்த சம்பவத்தை எழுதவில்லை. தன் வாசகர் வீட்டு இழவை எழுதியது. இந்த விபத்துக்குப் பிறகு நியூயார்க்கில் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன.

1912-ம் ஆண்டில் பத்திரிகைக்குப் பத்து மாடிக் கட்டிடம் எழும்பியது. சுற்றிலும் குட்டை வீடுகள்; நடுவில் இது கோபுரம் போல் நின்றது. தேர்தல் இரவில் முடிவு தெரிந்துகொள்ள ஜனங்கள் அதன் முன்னால் கூடுவார்கள். 1920-களில் விற்பனை 2 லட்சத்தைத் தாண்டியது. சிகாகோ போன்ற வேறு நகரங்களுக்கும் பதிப்பு போயிற்று.

குறையும் உண்டு

காஹன் குறை இல்லாத மனிதர் அல்ல. முன்கோபக்காரர். சொன்னதே சட்டம் என்பார். ஆபீசில் பலர் அவருக்குப் பயந்தார்கள். ஜனங்களைக் கவர்வதற்காக மலிவான செய்திகளைப் போடுகிறார் என்று எதிரிகள் சொன்னார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

முதல் உலக யுத்தத்தின்போது ஒரு சோதனை வந்தது. 1917-ம் ஆண்டில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. யுத்தத்தை எதிர்த்து எழுதினால் பத்திரிகையைத் தபாலில் அனுப்பும் உரிமை போய்விடும் என்று சர்க்கார் மிரட்டியது. காஹன் இறங்கி வந்தார். யுத்த எதிர்ப்பை நிறுத்திக்கொண்டார். பத்திரிகை பிழைத்தது. கோழைத்தனம் என்றார்கள் சிலர். பத்திரிகையே இல்லாமல் போவதைவிட இது மேல் என்றார்கள் வேறு சிலர்.

ரஷ்யப் புரட்சியை முதலில் வரவேற்றவர், பிறகு அங்கே நடந்த அடக்குமுறையைக் கண்டு கடுமையாக எதிர்த்தார். பழைய தோழர்கள் பகைத்துக்கொண்டார்கள்.

1939-ம் ஆண்டில் இன்னொரு சண்டை. ஷோலம் ஆஷ் என்ற பெரிய எழுத்தாளர் ஏசுநாதரைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். நெடுநாள் "பார்வர்டு" பத்திரிகையில் எழுதி வந்தவர் அவர். காஹன் நாவலை வெளியிட மறுத்தார். அதோடு விடவில்லை. அவரைத் தாக்கியும் எழுதினார். எல்லாருக்கும் இடம் வேண்டும் என்று ஒரு காலத்தில் வாதாடியவர், தம் கையில் அதிகாரம் வந்ததும் ஒரு கதவைச் சாத்தினார்.

ஆனால் அதே பத்திரிகை பல எழுத்தாளர்களுக்குச் சோறு போட்டது. ஐசக் பாஷவிஸ் சிங்கர் 1935-ம் ஆண்டில் போலந்தில் இருந்து வந்தார். தம் கதைகளைப் பல்லாண்டுகள் "பார்வர்டு" பத்திரிகையில் எழுதினார். 1978-ம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. சமையற்கட்டு மொழி என்று இகழப்பட்ட மொழிக்குக் கிடைத்த மகுடம் அது!

வாசகர்கள் எங்கே போனார்கள்?

இவ்வளவு செல்வாக்கு உள்ள பத்திரிகை பிறகு ஏன் தேய்ந்தது? மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம், சட்டம். 1924-ம் ஆண்டில் அமெரிக்கா குடியேற்றத்துக்குக் கதவைச் சாத்தியது. ஒவ்வொரு நாட்டில் இருந்தும் இத்தனை பேர்தான் வரலாம் என்று அளவு வைத்தார்கள். அந்த அளவை எப்படிக் கணக்கிட்டார்கள்? 1890-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டில் அமெரிக்காவில் கிழக்கு ஐரோப்பியர் குறைவு. ஆகவே அவர்கள் இனி வருவதும் குறைந்துபோகும். அதுதான் நோக்கம். ஆற்றுக்கு மேலே அணை கட்டிவிட்டால் கீழே குளம் எப்படி நிறையும்? புதிய வாசகர் வருவது நின்றது.

இரண்டாவது காரணம், ஹிட்லரின் படுகொலை. இரண்டாவது உலக யுத்தத்தில் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இத்திஷ் பேசியவர்கள். காஹன் வளர்ந்த வில்னா நகரத்து யூதர்களில் மிகப் பெரும்பாலோர் பக்கத்துக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மொழியின் தாய்வீடே அழிந்தது. கதவைச் சாத்தாமல் இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள் என்ற கேள்வி இன்றும் மனத்தை அறுக்கிறது.

மூன்றாவது காரணம்தான் விசித்திரமானது. அது காஹன் செய்த வேலையே!

ஆங்கிலம் படி என்றார். படித்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பு என்றார். அனுப்பினார்கள். விளையாட விடு, ஊரோடு கலந்து பழகு என்றார். பழகினார்கள். தையல்காரன் மகன் டாக்டர் ஆனான், வக்கீல் ஆனான், வாத்தியார் ஆனான். ஒண்டுக்குடித்தனத்தைக் காலி செய்துவிட்டு நல்ல வீட்டுக்குப் போனான். அவன் ஆங்கிலப் பத்திரிகை படித்தான். பாட்டி கையில் இருந்த "பார்வர்டு" அவனுக்கு எழுத்துத் தெரியாத காகிதம்.

காஹனுக்கு இது தெரியாமல் இல்லை. 1917-ம் ஆண்டில் அவர் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். "டேவிட் லெவின்ஸ்கியின் உயர்வு" என்பது அதன் பெயர். ரஷ்யாவில் இருந்து வெறுங்கையோடு வந்த ஒருவன் துணி வியாபாரத்தில் கோடீஸ்வரன் ஆகிறான். எல்லாம் கிடைக்கிறது. மனநிறைவு மட்டும் கிடைக்கவில்லை. பழைய ஊரில் பசியோடு வேதம் படித்த பையனை நினைத்து ஏங்குகிறான். முன்னேற்றத்துக்குக் கொடுக்கும் விலையைக் காஹன் நன்றாக அறிந்திருந்தார். அறிந்தேதான் முன்னேறு என்றார்.

1946-ம் ஆண்டில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. 1951-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி காலமானார். வயது 91.

இன்று

பத்து மாடிக் கட்டிடம் 1970-களில் விற்கப்பட்டது. இப்போது அது பணக்காரர்களின் குடியிருப்பு. ஒரு காலத்தில் ஏழைத் தையல்காரர்கள் கூடிய வாசல் அது!

தினசரியாக இருந்த பத்திரிகை 1983-ம் ஆண்டில் வாரப் பத்திரிகை ஆயிற்று. 1990-ல் ஆங்கில வாரப்பதிப்பு தனியாக வந்தது. பாட்டியின் பத்திரிகையைப் பேரனும் படிக்கட்டும் என்ற ஏற்பாடு. 2019-ல் இரண்டு பதிப்புகளும் அச்சு இயந்திரத்தை விட்டு இறங்கின. ஆனால் மூடிவிடவில்லை. இரண்டு மொழிகளிலும் இணையத்தில் நடந்து வருகிறது.

இந்தக் கதை யூதர்களுக்கு மட்டும் உரியது அல்ல. இன்றும் கோடிக்கணக்கான மக்கள் பிழைப்புக்காகவும் உயிருக்குப் பயந்தும் நாடு விட்டு நாடு போகிறார்கள். போன இடத்தில் அவர்களுக்கு என்ன தேவை? சோறு வேண்டும். வேலை வேண்டும். அதோடு இன்னொன்றும் வேண்டும். புது ஊரின் வழக்கத்தை அவர்கள் மொழியில், அவர்களை இளக்காரம் செய்யாமல், சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டும். அவர்கள் சொல்வதைக் கேட்கவும் ஒருவர் வேண்டும்.

இன்று செல்போனில் செய்தி வந்து கொட்டுகிறது. மொழிபெயர்ப்பும் நொடியில் கிடைக்கிறது. ஆனால் காணாமல் போன கடிகாரத்தைப் பற்றி ஓர் ஏழைத்தாய் எழுதினால், உட்கார்ந்து படித்துப் பதில் சொல்ல ஆள் இருக்கிறதா? குடியேறியவர்களின் பத்திரிகைகள் பல நாடுகளில் ஒவ்வொன்றாக மறைகின்றன. காகிதம் போவது பெரிய நஷ்டம் அல்ல. கேட்கும் காது போய்விட்டால் அதுதான் நஷ்டம்.

காஹனின் பத்திரிகை தோற்றதா, வென்றதா?

மொழியைப் பார்த்தால் நஷ்டம்தான். ஒரு மொழி ஒரு வீட்டை விட்டுப் போய்விட்டால் எளிதில் திரும்பி வராது. தாத்தாவின் சிரிப்பும் பாட்டியின் பழமொழியும் அதோடு போய்விடும். பிள்ளைக்குப் புதுமொழியைக் கற்றுக் கொடுக்கும்போது பழைய மொழியையும் பக்கத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். இதை அந்தத் தலைமுறை போதிய அளவு செய்யவில்லை.

மனிதர்களைப் பார்த்தால் அது வெற்றி. பயந்து வந்தவன் நிமிர்ந்து நின்றான். படிக்காதவள் படித்தாள். யாருமில்லாதவளுக்கு ஊரே துணை வந்தது.

ஏணி, தோணி, வாத்தியார் என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். ஏணி மற்றவரை மேலே ஏற்றிவிடும், தான் ஏறாது. தோணி மற்றவரைக் கரை சேர்க்கும். தான் தண்ணீரிலேயே கிடக்கும். வாத்தியார் பிள்ளைகளை மேல் வகுப்புக்கு அனுப்பிவிட்டு, அதே வகுப்பில் நிற்பார்.

ஆபிரகாம் காஹன் வாத்தியாராக வாழ்க்கையைத் தொடங்கியவர். ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அவர் வாத்தியாராகவே இருந்தார். அவருடைய மாணவர்கள் எல்லாரும் தேறிவிட்டார்கள். அதனால்தான் வகுப்பு காலியாகிவிட்டது!